'தொன்' என்றால் மிஸ்டரா? ஸ்பானிய மரியாதைச் சொற்களை ஆங்கிலத்தில் எழுதுவது பற்றி

மார்ச் 2 – கேள்வி

ஒரு வாசகர் எழுதியது: "ஸ்பானியத்திலிருந்து சில தாள்களை ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். பெயர்களுக்கு முன்னால் ஓரிடத்தில் தொன், ஓரிடத்தில் செஞோர், ஓரிடத்தில் இரண்டும் சேர்த்து செஞோர் தொன் என்று வருகிறது. எல்லாவற்றுக்கும் மிஸ்டர் போட்டால் போதாதா? தோஞா, செஞோரா இரண்டுக்கும் மிஸஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

மார்ச் 2, இரவு

போதாது.

ஆங்கில மிஸ்டர் குடும்பப் பெயரோடு சேரும். செஞோரும் அப்படித்தான். தொன் இட்ட பெயருக்கு முன்னால் மட்டுமே வரும். ஹுவான் கார்சியா என்பவரை செஞோர் கார்சியா என்று கூப்பிடலாம், தொன் ஹுவான் என்றும் கூப்பிடலாம். தொன் கார்சியா என்று யாரும் கூப்பிடுவதில்லை. முழுப் பெயருக்கு முன்னால் தொன் வரலாம், அடுத்து நிற்பது இட்ட பெயர்தானே.

ஸ்பெயின் மன்னரை அந்த ஊர்ச் செய்தித்தாள்கள் தொன் ஃபெலிப்பே என்றும் அரசியை தோஞா லெத்தீசியா என்றும் எழுதும். உங்கள் வழியில் போனால் மன்னர் மிஸ்டர் ஃபெலிப்பே ஆகிவிடுவார். அதே சொல்லை, தெருமுனையில் நாற்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் பெரியவருக்கும் சொல்வார்கள். மன்னருக்கும் கடைக்காரருக்கும் பொதுவாக இருக்கிற அந்தச் சொல்லில் மரியாதையும் இருக்கிறது, உரிமையோடு பெயரைச் சொல்வதும் இருக்கிறது. மிஸ்டரில் மரியாதை உண்டு. பெயரைத் தொடும் உரிமை கிடையாது.

ஆகவே என் முடிவு: தொன்னை மாற்றாதீர்கள், எந்த இடத்திலும். தொன் என்றே ஆங்கிலத்திலும் விடுங்கள்.

மார்ச் 2, இன்னும் கொஞ்சம்

எழுத்துப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் த அது, ஆகவே டான் இல்லை, தொன். தலையில் நெளிவு போட்ட 'என்' (ñ) என்ற எழுத்துக்கு நம்மிடம் சரியான எழுத்தே இருக்கிறது: ஞாயிறு என்பதில் வரும் ஞ. ஆகவே செஞோர், செஞோரா, தோஞா. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிறவர்கள் நெளிவை விட்டுவிட்டு வெறும் 'என்' (n) போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தமிழில் அந்தக் கஷ்டமே இல்லை.

மார்ச் 3

இரண்டு சொற்களும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். தொன் என்பது லத்தீன் தோமினுஸ், அதாவது எஜமானன், வீட்டுக்குடையவன். செஞோர் என்பது லத்தீன் செனியோர், 'மூத்தவர்'. அதே செனியோரிலிருந்துதான் இத்தாலிய சிஞோர், பிரெஞ்சு மொன்சியரின் பின்பாதி, ஆங்கில சர் எல்லாம் பிறந்தன. நாம் வாத்தியாரையும் அதிகாரியையும் கூப்பிடும் சார் அந்த சர்தான். ஆக, சாரும் செஞோரும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள்.

ஆனால் உறவு ஓரிடத்தில், குணம் வேறிடத்தில். ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவரைச் சர் ஐசக் என்றுதான் சொல்ல வேண்டும், சர் நியூட்டன் என்று சொல்லக் கூடாது. இட்ட பெயரைத் தேடிப் போய் ஒட்டுகிற இந்தப் பழக்கம் அப்படியே தொன்னுடையது. அதற்காகத் தொன்னுக்குச் சர் போடவும் முடியாது. ஆங்கிலத்தில் அது அரசர் தருகிற பட்டம். கடைக்காரருக்குப் போட்டால் பொய்யாகிவிடும்.

தொன்னும் ஒரு காலத்தில் அரசர் கொடுக்கிற பட்டமாக இருந்ததுண்டு. கொலம்பஸ் புறப்படுவதற்கு முன், 1492 ஏப்ரலில், ஸ்பெயின் அரசி இசபெல்லாவும் அரசர் ஃபெர்னாந்தோவும் அவருக்குக் கொடுத்த சலுகைகளில் தன்னை தொன் கிறிஸ்தோபல் கோலோன் என்று அழைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்று. நிலத்தைக் கண்டுபிடித்தால்தான் அது செல்லும்.

மார்ச் 3, மாலை

"தொன் என்றால் நமக்கு சினிமாவில் வரும் கூட்டத் தலைவன்தான் ஞாபகம் வருகிறான்" என்று ஒருவர். வந்த வழி இத்தாலி. அங்கே பாதிரியார்களுக்கும், தெற்கில் பெரிய மனிதர்களுக்கும் அந்தச் சொல் உண்டு. குற்றக் கூட்டங்களின் தலைவர்களும் அதைச் சூட்டிக்கொண்டார்கள், அமெரிக்கப் படங்கள் உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆக்ஸ்ஃபோர்ட் ஆசிரியர்களை ஆங்கிலத்தில் டான் என்பதும் இதே சொல்தான். மொழிபெயர்ப்பவருக்கு இது உண்மையான தொல்லை. ஒரு கிராமத்து வைத்தியரைத் தொன் என்று ஆங்கிலத்தில் விட்டால், படிக்கிறவர் மனத்தில் ஒரு நொடியாவது கறுப்புக் கண்ணாடி வந்து போகும். நேற்றுச் சொன்னதை இதற்காக மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டாம் பக்கத்துக்குள் அந்தக் கண்ணாடி கழன்றுவிடும் என்பது என் அனுபவம்.

மார்ச் 5

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் ஒரு தவறு செய்திருக்கிறேன்.

ஸ்பானியம் படித்து முடித்த புதிது. சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல்கள், பத்திரங்கள். ஸ்பானியத் தாள்களில் தொன்னைச் சுருக்கி டி என்ற ஆங்கில எழுத்தும் ஒரு புள்ளியும் மட்டும் போடுவார்கள். தோஞா என்றால் அதே டி, மேலே தூக்கி எழுதிய ஒரு குட்டி ஏ. நமக்குப் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தும் புள்ளியும் வந்தால் அது என்ன? இனிஷியல். அப்பா பெயர். 'டி. ஹோசே மரீயா ஃபெர்னாந்தெஸ் ருயீஸ்' என்பதைப் பார்த்தவுடன், அப்பா பெயர் டி-யில் ஆரம்பிக்கிறது போலிருக்கிறது என்று என் கண் தானாகப் படித்தது. ஆங்கிலத்தில் மிஸ்டர் டி. ஜே. எம். எஃப். ருயீஸ் என்று எழுதினேன். பெண்கள் பெயரில் இருந்த குட்டி ஏ தட்டச்சுப் பிழை என்று நினைத்து எடுத்துவிட்டேன்.

ஒரு பட்டியலில் பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் டி. சரிபார்க்கும் இடத்தில் இருந்த அம்மா, "எல்லாருக்கும் ஒரே எழுத்தில் அப்பா பெயர் இருக்குமா?" என்று கேட்டார். பட்டியல் தப்பித்தது. அதற்கு முந்தைய வாரம் போன ஒரு பெண்ணின் பட்டச் சான்றிதழ் தப்பிக்கவில்லை. கடவுச்சீட்டில் இல்லாத ஒரு டி அவர் பெயரில் ஏறியிருந்தது. விண்ணப்பித்த இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதிதாக மொழிபெயர்த்து, புதிதாக முத்திரை வாங்கி, ஒன்றரை மாதம். அவருக்கு அந்த வருடச் சேர்க்கை கைநழுவிப் போனது. அலுவலகம் அதைச் சின்ன விஷயமாக முடித்துவிட்டது. எனக்கு முடியவில்லை.

இன்னொன்று: ஹோசே மரீயா ஆண் பெயர், மரீயா ஹோசே பெண் பெயர். எது முதலில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. சந்தேகம் வந்தால் அந்தக் குட்டி ஏ உங்களுக்குத் துணை, அதை எடுத்துவிடாதீர்கள்.

மார்ச் 5, இரவு

இலங்கையிலிருந்து ஒரு வாசகர் அருமையான ஒன்றை எழுதியிருக்கிறார். டி. எஸ். சேனநாயக்கவின் டி என்ன? டொன். டொன் ஸ்டீபன் சேனநாயக்க, இலங்கையின் முதல் பிரதமர். போர்த்துக்கீசியர் அங்கே கொண்டுவந்த 'தோம்' சிங்களக் குடும்பங்களில் பெயரின் பகுதியாகவே உறைந்து, பிறகு நிஜமாகவே இனிஷியல் ஆகிவிட்டது. தூத்துக்குடிப் பரதவர் சாதித்தலைவர்களின் பெயருக்கு முன்னால் வரும் தொன்னும் போர்த்துக்கீசியர் வழி வந்ததே. நான் தவறாகப் படித்தது வேறோர் இடத்தில் சரித்திரமாகவே நடந்திருக்கிறது என்று தெரிந்தபோது ஏதோ ஓர் ஆறுதல்.

மார்ச் 6 – திருத்தம்

முதல் நாள் 'எந்த இடத்திலும் மாற்றாதீர்கள்' என்று எழுதியது தவறு. பத்திரங்கள் மட்டுமே மொழிபெயர்க்கும் ஒருவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். நோட்டரி எழுதும் தாளில் வாங்குபவர், விற்பவர், சாட்சி என எல்லார் பெயருக்கு முன்னாலும் அந்த டி இருக்கும். அங்கே அது யாரையும் உயர்த்தவில்லை, படிவத்தின் சடங்கு. அதை ஆங்கிலத்தில் தொன் என்று விட்டால் பேருந்து ஓட்டுநரும் பிரபு ஆகிவிடுவார். அவர் அங்கே மிஸ்டர் போடுகிறார், அல்லது ஒன்றும் போடாமல் பெயரை மட்டும் எழுதுகிறார். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். செஞோர் தொன் என்று இரண்டும் சேர்ந்து வருவது கடித உறைகளிலும் அழைப்பிதழ்களிலும் உள்ள வழக்கம். அங்கே ஒரே ஒரு மிஸ்டர் தாராளமாகப் போதும்.

ஆக, கேள்வி கேட்டவர் பாதி சரி. அன்று ஒரே சொல்லில் 'போதாது' என்று முடித்தது என் அவசரம்.

மார்ச் 8

பெண்கள் விஷயம். இதில்தான் அதிகம் தடுமாறுகிறோம்.

ஸ்பெயினில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். வழக்கமாக அப்பாவின் முதல் குடும்பப் பெயர், அடுத்து அம்மாவின் முதல் குடும்பப் பெயர். கல்யாணமானாலும் பெண்ணுக்கு அது மாறாது. ஆங்கில மிஸஸ், கணவன் பெயரைத் தாங்குகிற சொல். அனா கார்சியா லோப்பெஸை மிஸஸ் கார்சியா என்று எழுதினால் கார்சியா அவர் கணவர் என்று ஆங்கில வாசகர் எடுத்துக்கொள்வார். அது அவருடைய அப்பாவின் பெயர். மிஸஸ் லோப்பெஸ் என்றால் இன்னும் மோசம். கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்ற எண்ணத்தால்தான் கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்கேஸை உலகம் முழுக்க மார்கேஸ் என்கிறார்கள். சொந்த ஊர்க்காரர்களுக்கு அவர் கார்சியா மார்கேஸ், அன்பாகச் சொன்னால் காபோ.

ஆகவே செஞோராவுக்கு எம்எஸ் (Ms). கல்யாணத்தைப் பற்றிப் பேசாத அந்த இரண்டெழுத்துச் சொல்லை 1901-லேயே அமெரிக்காவில் ஒரு செய்தித்தாளில் யோசனையாக எழுதியிருக்கிறார்கள். நியூயார்க் டைம்ஸ் ஏற்றுக்கொண்டது 1986-ல். எண்பத்தைந்து வருடம்! ஸ்பானியத்தில் செஞோரா, கல்யாணமாகாதவருக்கான செஞோரித்தா இரண்டையும் தாண்டி அப்படி மூன்றாவது சொல் ஏதும் வரவில்லை. வயது வந்த எல்லாப் பெண்களுக்கும் செஞோரா என்று சொல்வதே வழியானது, செஞோரித்தா அலுவலகங்களிலிருந்து ஒதுங்கிக்கொண்டே போகிறது. ஆகவே பழைய கதையில் வரும் செஞோரித்தாவுக்கு மிஸ் சரி. இன்றைய கடிதத்தில் வந்தால் எழுதியவர் எத்தகையவர் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

மார்ச் 8, பின்குறிப்பு

ஸ்பெயினில் சின்னப் பிள்ளைகள் டீச்சரைச் 'செஞோ' என்பார்கள், செஞோரித்தாவின் செல்லச் சுருக்கம். நம் ஊர்ப் பள்ளிகளில் 'மிஸ்' என்கிறோமே, அதுவேதான். இந்த ஓரிடத்தில் ஆங்கில மிஸ் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆண்பாலான செஞோரித்தோவுக்கு மாஸ்டர் என்று அகராதி சொல்லும். நம்பாதீர்கள். தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவில் கூலிக்காரர் வாயில் அந்தச் சொல் பண்ணையார் வீட்டுப் பையனைக் குறிக்கும். வேலையே செய்யாமல் குதிரையில் வந்து அதிகாரம் செய்கிறவன். அதில் கசப்பு இருக்கிறது, மாஸ்டரில் இல்லை.

மார்ச் 9

தேடி மாற்றும் வசதியை நம்பி வேலை செய்கிறவர்களுக்கு: செஞோர் தனியாக, பெரிய எழுத்தில் வந்தால் அது கடவுள். ஆங்கிலத்தில் லார்ட். நுயெஸ்த்ரா செஞோரா என்பது நம் மாதா, ஆங்கிலத்தில் 'அவர் லேடி' (நம்முடைய என்று பொருள்படும் ஆங்கில 'அவர்'). குவாதலூப்பே மாதாவை 'அவர் மிஸஸ்' என்று எழுதியிருந்த ஒரு வரைவை நானே திருத்தியிருக்கிறேன்.

மார்ச் 11

உஸ்தெத் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது பட்டம் அல்ல, 'நீங்கள்'. ஆனால் பட்டமாகப் பிறந்தது. வுயெஸ்த்ரா மெர்செத், 'உங்கள் கருணை', நாளெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்து உஸ்தெத் ஆனது. அதனால்தான் எதிரில் நிற்பவரிடம் பேசும்போதும் வினை படர்க்கையில் வருகிறது. 'உங்கள் கருணை வந்ததா' என்பதுதான் அடியில் கிடக்கும் வாக்கியம். 'அண்ணன் எப்போது வந்தார்?' என்று அண்ணனிடமே கேட்கும் ஊரில் வளர்ந்த எனக்கு இது புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வகுப்பில் ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் ஒரு மாதம் தவித்தார்கள்.

ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே யூ. அப்படியானால் உஸ்தெத்தில் இருந்த மரியாதை எங்கே போகும்? ஒன்றும் செய்யாவிட்டால் காணாமல் போகும். நான் செய்வது: அதே உரையாடலில் வேறோர் இடத்தில் ஒரு சர், ஒரு மேடம், ஒரு மிஸ்டர் கார்சியா வைப்பேன். இருவரும் உஸ்தெத்திலிருந்து 'து'வுக்கு, அதாவது 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு, இறங்குகிற பக்கம் வந்தால் அந்த இடத்தில் முதல் முறையாக இட்ட பெயரைச் சொல்ல வைப்பேன். ஸ்பானியத்தில் ஓர் எழுத்தில் நடப்பது ஆங்கிலத்தில் ஒரு பெயரில் நடக்கட்டும்.

இதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. கோஸ்தா ரிக்காவில் நண்பர்கள்கூட உஸ்தெத் என்று பேசிக்கொள்வார்கள், அங்கே அது தூரம் அல்ல. கொலம்பியாவில் பொயாக்கா, குந்தினமார்க்கா பக்கம் 'சுமெர்செ' என்ற சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'சு மெர்செத்', அதே கருணை. அம்மா பிள்ளையிடம் சொல்வார், காய்கறி விற்பவர் வாங்க வந்தவரிடம் சொல்வார். கேட்கவே இதமாக இருக்கும். ஆங்கிலத்தில் 'யுவர் மெர்சி' என்றால் நாடகம். 'டியர்' கொஞ்சம் கிட்டே வருகிறது, ஆனால் மரியாதை உதிர்ந்துவிடுகிறது. நான் அப்படியே விட்டுவிடுவேன்.

மார்ச் 12

படிப்புப் பட்டங்கள், சுருக்கமாக. மெக்சிகோவில் லிசென்சியாதோ என்றால் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர், பெரும்பாலும் வக்கீல். 'லைசென்ஸ்ட்' என்று மொழிபெயர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. இஞ்ஹெனியேரோ என்றால் இன்ஜினீயர், ஆனால் ஆங்கிலத்தில் இன்ஜினீயர் கோமெஸ் என்று யாரும் கூப்பிடுவதில்லை. கொலம்பியாவில் கோட்டுப் போட்ட அதிகாரி எவரும் தொக்தோர், அதாவது டாக்டர்தான். மூன்றுக்கும் மிஸ்டர். தொழில் முக்கியம் என்றால் அதை வாக்கியத்துக்குள் சொல்லிவிடலாம்.

மார்ச் 14

செஞோருக்கு எப்போதுமே மிஸ்டர்தானா என்று கேட்டவருக்கு. தேதியைப் பாருங்கள். மரியாதைச் சொற்கள் அளவுக்கு மீறிப் பெருகிப் போனதால் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபெலிப்பே 1586-ல் ஒரு சட்டம் போட்டார். அவருக்கு எழுதும் கடிதத்தின் தலையில் 'செஞோர்' என்ற ஒரு சொல் மட்டும் போதும். அந்தச் செஞோருக்கு ஆங்கிலத்தில் 'சயர்'. 2005-ல் ஸ்பெயின் அரசு அமைச்சர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் எக்செலென்தீசிமோ (மேன்மைதங்கிய) போன்றவற்றை விட்டுவிட்டு, செஞோர் அல்லது செஞோராவும் பதவிப் பெயரும் போதும் என்று முடிவெடுத்தது. அந்தச் செஞோருக்கு மிஸ்டர். நானூறு வருடம் தள்ளி இரண்டு அரசுகள் ஒரே சொல்லில் வந்து நின்றிருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

மார்ச் 15

தொன்னைத் தொட வேண்டாம் என்று நான் இன்னும் சொல்கிற இடம் இலக்கியமும் வரலாறும். இரண்டு சாட்சிகள்.

1519-ல், மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸிடம் அடிமையாகக் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு மரீனா என்று ஞானஸ்நானம் செய்தார்கள். மொழிபெயர்ப்பாளர், அவர் இல்லாமல் மெக்சிகோவின் பூர்வகுடிகளான நாவா மொழிக்காரர்களிடம் ஸ்பானியர்களால் பேசியிருக்கவே முடியாது. கூடவே போரிட்ட பெர்னால் தியாஸ் வயதான காலத்தில் எழுதிய வரலாற்றில் அவரை தோஞா மரீனா என்கிறார். நாவா மொழிக்காரர்கள் ர இல்லாத தங்கள் நாக்கில் அந்தப் பெயரை மலினா ஆக்கி, மரியாதை விகுதியான 'த்சின்' சேர்த்து மலின்த்சின் என்றார்கள். இரண்டு பக்கமும் அந்தப் பெண்ணுக்கு மரியாதை கொடுத்தன, ஒன்று பெயருக்கு முன்னால், ஒன்று பின்னால். மிஸஸ் மரீனா என்று எழுதினால் இது முழுவதும் அழிந்துவிடும். எங்கள் தொழிலில் எனக்கு முந்தியவர் என்று அவரை நினைக்கிறவன் நான், ஆகவே இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்தது தொன் கிஹோத்தே, ஆங்கிலம் வழியாக நாம் டான் குயிக்சாட் என்று அறிந்த செர்வாந்தெஸின் நாவல். நாயகன் ஒரு சின்ன நிலக்காரன், அவனுக்குத் தொன் போட்டுக்கொள்ளும் உரிமை கிடையாது. 1615-ல் வந்த இரண்டாம் பாகத்தில், ஊர்க்காரர்கள் அதைப் பற்றிப் பொருமுவதை அவனுடைய வேலையாள் சாஞ்சோ வந்து சொல்கிறான். பிறகு சாஞ்சோவே ஆளுநராகும்போது சுவரில் தொன் சாஞ்சோ என்று எழுதியிருப்பதைக் கேட்டு, தொன் எனக்குக் கிடையாது, என் வம்சத்தில் எவருக்கும் இருந்ததில்லை என்கிறான். இந்த ஊரில் கல்லைவிடத் தொன் அதிகம் போலிருக்கிறது, கொசுவைப் போலத் தொல்லை தருகிறது, களையைப் போலப் பிடுங்கி எறியப் போகிறேன் என்கிறான். மிஸ்டர் எனக்குக் கிடையாது என்று யார் சொல்வார்கள்? அது எல்லாருக்கும் உண்டே.

மார்ச் 17

கேள்வி கேட்ட நண்பர் இப்போதுதான் தன் தாள்களைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். முன்பே தெரிந்திருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். முதல் தாள் பிறப்புச் சான்றிதழ். இரண்டாவது, சான்றிதழுக்கு உரியவருடைய பாட்டி எழுதிய கடிதம். அதில் கட்டட வாயிற்காப்பாளரான தொன் ஹூலியான் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று ஒரு வரி.

சான்றிதழில் டி-யை விட்டுவிடுங்கள், பெயர் மட்டும் போதும், இரண்டு குடும்பப் பெயர்களும் வரிசை மாறாமல். கடிதத்தில் தொன் ஹூலியான் அப்படியே நிற்கட்டும். ஸ்பானியத்தில் தொன் சின்ன எழுத்தில் இருக்கும், ஆங்கில வழக்கப்படி பெரிய எழுத்தில் ஆரம்பியுங்கள். சாய்வெழுத்து வேண்டாம், அடிக்குறிப்பும் வேண்டாம். அந்தப் பாட்டி கீழே இறங்கி வந்து சாவி கேட்டபோது அவரை அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்.